செக்ஸி ஷ்ரிம்ப் வைக்க அனிமோன் கட்டாயமா?

சின்னத்தொட்டி:

வணக்கம் மக்களே. என்னிடம் 40 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது, நீர் அளவுகள் எல்லாம் நிலைப்பட்டு நன்றாகவே ஓடுகிறது. உள்ளே ஒரு சின்ன கோபி மீன், சில நத்தைகள், பாறை முழுக்கக் காளான் பவளம், ஒரு மூலையில் சோவான்திட், அந்தப் பொத்தான் மாதிரி மொட்டுகள் விரிக்கும் பவள வகை. அடுத்து என்ன விடலாம் என்று தேடியபோது கண்ணில் பட்டதுதான் இந்த தோர் அம்போயினென்சிஸ், நம் ஆட்கள் செக்ஸி ஷ்ரிம்ப் என்பார்களே அதுதான். பழுப்பும் ஆரஞ்சும் கலந்த உடம்பு, அதில் வெள்ளைத் திட்டுகள், திட்டைச் சுற்றி மெல்லிய நீல விளிம்பு, பின்பக்கத்தை மேலே தூக்கிக்கொண்டு ஓயாமல் ஆட்டிக்கொண்டே நிற்கிறது. பார்த்தவுடன் பிடித்துவிட்டது.

பிரச்சினை என்னவென்றால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அனிமோன், அதாவது பூப்போல விரிந்து கொட்டும் கொடுக்குகளை நீட்டும் அந்தக் கடல் உயிர், இல்லாவிட்டால் இறால் பிழைக்காது என்கிறார் ஒருவர், அனிமோன் வைத்தால் அதையே கொறித்துத் தின்றுவிடும் என்கிறார் இன்னொருவர். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்? அனிமோன் வாங்கித்தான் ஆக வேண்டுமா, எத்தனை இறால் விட வேண்டும், கோபியோடு ஒத்துப்போகுமா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உப்புநீர்க்காரன்:

வாங்க நண்பா. கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், அதுதான் சுலபம். சின்ன கோபி ஒன்றும் செய்யாது. ஆனால் இந்த இறால் வளர்ந்தாலும் 13 மில்லிமீட்டர் அளவுதான், உங்கள் சுண்டுவிரல் நகத்தின் மேல் உட்கார்ந்துவிடும், ஆண்கள் அதைவிடச் சின்னது. அந்த அளவு இறால் என்பது முக்கால்வாசி மீன்களுக்கு ஒரு வாய்த் தீனி. ஆறுகோட்டு ராஸ், ஹாக் மீன், டாட்டிபேக் இந்த மீன்களில் எது இருந்தாலும் இந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். மீன் மட்டுமில்லை, பெரிய இறால்களும் ஆபத்துதான். குத்துச்சண்டை இறால் என்று விற்கிறார்களே, சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட ஸ்டெனோபஸ், அது சின்ன இறாலைக் கொன்றுவிடும்.

எண்ணிக்கை: ஒற்றையாக விடாதீர்கள். கூட்டமாக வாழும் பிராணி இது. குறைந்தது மூன்று, உங்கள் தொட்டிக்கு ஐந்து கூட விடலாம். தனியாக விட்டால் பாறை இடுக்கில் போய் ஒளிந்துகொள்ளும், நீங்கள் வாங்கியதை மறந்தே போவீர்கள். நாலைந்து இருந்தால் வெளிச்சத்தில் வந்து நிற்கும், ஒன்றையொன்று பார்த்து வாலாட்டும், அதைப் பார்க்கத்தானே வாங்குகிறோம்.

இப்போது பெரிய கேள்வி. அனிமோன் கட்டாயம் இல்லை, என் பதில் அதுதான், இதில் எனக்கு எந்த ஊசலாட்டமும் இல்லை. உங்களிடம் ஏற்கெனவே காளான் பவளம் இருக்கிறது, அதன் மேலேயே குடியேறிவிடும். இந்த இறால் அனிமோனில் மட்டும் வாழ்வது இல்லை, கடலிலேயே பவளங்களிலும் காளான்களிலும் காணப்படுவதுதான். ஹீலியோஃபஞ்சியா என்று நீளக் கொடுக்கு வைத்த ஒரு பவளம் உண்டு, பார்க்க அனிமோன் மாதிரியே இருக்கும், அதிலும் இது இருக்கும். தொட்டியில் டார்ச் பவளம், ஃபிராக்ஸ்பான் பவளம் எல்லாவற்றிலும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

40 லிட்டரில் இறாலுக்காக அனிமோன் வாங்கினால், இறால் பிழைத்துக்கொள்ளும், அனிமோன் பிழைக்காது. அதுதான் கதை. அனிமோனுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும், முதிர்ந்த தொட்டி வேண்டும், அளவுகள் ஆடக் கூடாது. அதோடு அது நடக்கும். குமிழ்நுனி அனிமோனை நீங்கள் ஒரு இடத்தில் வைத்தால், அது தனக்குப் பிடித்த இடத்தைத் தேடி நகர்ந்துபோய் அலை மோட்டாரில் மாட்டிக் கூழாகிவிடும், அப்புறம் அந்தத் தண்ணீரில் மற்ற உயிர்களையும் காப்பாற்ற முடியாது.

மீன்முள்:

13 மில்லிமீட்டருக்கு இவ்வளவு அலட்டலா. நான் வைத்திருக்கும் துறவி நண்டு இதைவிட அமைதியாகக் குடும்பம் நடத்துகிறது.

பவளப்பித்தன்:

உப்புநீர்க்காரன் சார் சொல்வதில் பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன், பாதிக்கு இல்லை. பிழைப்பது வேறு, இயல்பாக வாழ்வது வேறு. இந்த இறால் ஓட்டமும் சாட்டமும் உள்ள பிராணி கிடையாது. வேகம் இல்லை, ஆயுதம் இல்லை, நிறமோ ஊருக்கே தெரியும். அப்படி ஒரு உயிர் பட்டப்பகலில் வெளியே நின்று வாலாட்ட முடிகிறது என்றால் காலுக்குக் கீழே கொட்டும் கொடுக்குகள் இருப்பதால்தான். அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டு, "தொட்டியில் எதிரி இல்லையே, எதற்கு அனிமோன்" என்றால் அது நம் வசதிக்குச் சொல்கிற நியாயம். சின்னத் தொட்டிக்கு அனிமோன் முடியாது என்றால் இறாலையும் விட்டுவிடலாமே, யார் கட்டாயப்படுத்தினார்கள்?

இன்னொன்று, காளான் பவளம் எல்லாமே பாதுகாப்பானது என்று நினைக்க வேண்டாம். யானைக்காது என்கிற பெரிய வகை, ஆம்ப்ளெக்சிடிஸ்கஸ், அது தன் விளிம்பை மெல்ல மேலே சுருக்கிப் பை போல மூடி உள்ளே இருக்கும் சின்ன மீனையே விழுங்கும். அதில் போய் இந்த இறால் நிற்பதைப் பார்த்துப் பூரிக்கக் கூடாது.

ஆழி:

பித்தன் தம்பி சொல்லும் பாதுகாப்பு விஷயம் சரி, ஆனால் இறாலுக்கு அது சும்மா கிடைப்பது இல்லை. கொட்டும் செல் யாரையும் பார்த்துவிட்டுச் சுடுவது இல்லை, தொடுகையும் அந்தத் தோலின் வேதிப்பொருளும் சேர்ந்தால் வெடிக்கும். அனிமோனுக்குள்ளேயே வாழும் கோமாளி மீனுக்குத் தோல் மேல் உள்ள வழவழப்புப் படலம் உதவுகிறது. இறாலுக்கு ஓடு இருக்கிறது, இருந்தாலும் மூட்டுகள், செவுள் எல்லாம் மெல்லிய இடங்கள். பெரிக்ளிமெனஸ் வகை அனிமோன் இறால்களை வைத்து 1980-இலேயே சோதித்திருக்கிறார்கள். அனிமோனிலிருந்து பிரித்து வைத்துவிட்டுத் திரும்ப விட்டால் அது நேராகப் போய் நடுவில் உட்காருவது கிடையாது. முதலில் ஓரத்தில் நிற்கும், ஒரு காலை நீட்டித் தொடும், ஒட்டிக்கொண்டால் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும், மறுபடி தொடும், கொடுக்கை வாயால் கவ்விப் பார்க்கும். இப்படிப் பழகிப் பழகித்தான் உள்ளே போகும்.

அதனால் அனிமோன் வைத்திருப்பவர்கள் யாராவது புதிதாக இறால் வாங்கினால் குழாயை வைத்து அனிமோனின் நடுவில் கொண்டுபோய் விடாதீர்கள். பக்கத்துப் பாறையில் விடுங்கள். அதுவாகப் போகட்டும்.

சின்னத்தொட்டி:

நன்றி அக்கா, இது புதுச் செய்தி. எங்கு பார்த்தாலும் "அனிமோன் மேல் விடவும்" என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

சரி, தின்னும் என்கிற விஷயம் என்ன ஆயிற்று? என்னிடம் சோவான்திட் இருக்கிறது, அதுதான் பயம்.

உப்புநீர்க்காரன்:

பசித்தால் தின்னும். முழுப் பதில் இவ்வளவுதான், இருந்தாலும் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள்.

கடையில் கேட்டால் "தொட்டியில் கிடைப்பதைப் பொறுக்கித் தின்னும், தனியாக எதுவும் போட வேண்டாம்" என்பார்கள். பெரிய பழைய தொட்டியில், பாறை முழுக்கக் குட்டிப் பூச்சிகள் ஓடும் இடத்தில், அது ஓரளவு சரி. 40 லிட்டரில் ஐந்து இறால் விட்டால் பொறுக்குவதற்கு என்ன இருக்கும்? முதலில் பவளத்தின் மேல் உள்ள வழவழப்பைச் சுரண்டும், அதில் ஒட்டியிருக்கும் துகளைத் தின்னும், அது தீர்ந்தால் சதையில் கை வைக்கும். சோவான்திட் மொட்டுகள் மூடியே கிடக்கும், நீங்கள் வெளிச்சம் சரியில்லை என்று விளக்கை மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

தீனியை மட்டும் விடாமல் போட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. உறைந்த சைக்ளாப்ஸ், ஆர்டீமியா குஞ்சு, பொடியாக நறுக்கிய மைசிஸ், இந்தக் குட்டி இறால் மாதிரியான தீனிகளில் எதுவானாலும் சரி, தினமும் கொஞ்சமாக. தண்ணீரில் தூவினால் கோபிதான் தின்னும், அதனால் நீள பிப்பெட்டில் எடுத்து மோட்டாரை நிறுத்திவிட்டு இறாலின் பக்கத்தில் மெல்ல விடுங்கள். சின்னக் கைகளால் பிடித்து வைத்துக்கொண்டு தின்னும், அந்த நேரத்திலும் வாலாட்டம் நிற்காது. ஒன்று கவனியுங்கள், மொட்டு மூடியிருந்தால் தின்கிறது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். இறால் மேலே நடந்தாலே சோவான்திட் மூடிக்கொள்ளும், அது நகர்ந்ததும் திறந்துவிடும். திறக்கவே இல்லை, ஓரம் பிய்ந்திருக்கிறது என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

மீன்முள்:

ஆக, வீட்டுக்கு வாடகையும் தராமல், பசித்தால் சுவரையும் சுரண்டித் தின்னும் குடித்தனக்காரர். இதைத்தான் பாடப்புத்தகத்தில் "கூட்டுவாழ்வு" என்று படித்தோமா?

ஆழி:

முள்ளு, நீங்கள் கேலியாகக் கேட்டாலும் சரியான கேள்வி. கோமாளி மீன் அனிமோனுக்கு நிறையச் செய்கிறது. அனிமோனைக் கடிக்க வரும் மீன்களை விரட்டும், அதன் கழிவில் உள்ள அம்மோனியா அனிமோனுக்குள் வாழும் பாசிகளுக்கு உரமாகும். இறால் என்ன செய்கிறது என்றால், இறாலுக்கு இறால் பதில் மாறும்.

கரீபியன் பக்கம் பார்த்தோலோமியா அன்னுலாட்டா என்று சுருள்கோடு போட்ட கொடுக்குகளுள்ள அனிமோன் இருக்கிறது. அதில் ஒரே நேரத்தில் பல இறால்கள் இருக்கும், ஒவ்வொன்றின் தொழிலும் வேறு. பெடர்சன் இறால் என்கிற ஊதாக்கோடு போட்ட கண்ணாடி இறால் மீன்களுக்கு ஒட்டுண்ணி எடுக்கும் தொழிலாளி. மீன்கள் அந்த இறாலைத் தேடி வருவதில் அனிமோனே அடையாளப் பலகையாக உதவுகிறது, இறால் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அனிமோனைப் பார்த்து மீன் வந்து நிற்கும். அதே அனிமோனின் அடியில் ஆல்ஃபியஸ் ஆர்மேட்டஸ் என்கிற சொடுக்கு இறால் ஜோடியாக இருக்கும், அனிமோனைத் தின்ன வரும் தீப்புழுவை அது எதிர்த்து விரட்டும். அது நிஜமான காவல்காரன். புள்ளி போட்ட பெரிக்ளிமெனஸ் யுகட்டானிகஸ் ஒன்று இருக்கும், அதன் கழிவு நைட்ரஜன் அனிமோனுக்குப் போய்ச் சேர்கிறது என்று ஸ்டீஃபன் ஸ்பாட் 1996-இல் எழுதினார்.

இவர்களுக்கு நடுவில் நம் தோரும் இருக்கும். மீனுக்குச் சுத்தம் செய்யாது, புழுவை எதிர்க்கத் திராணி இல்லை, உடம்பே ஒரு சென்டிமீட்டர் என்பதால் கழிவும் சொற்பம். கூட்டுவாழ்வு என்ற பட்டியலிலேயே இது தண்டச்சோறுதான் என்பது என் கருத்து. அதில் தப்பும் இல்லை, பெரிய அனிமோனுக்கு இதனால் நஷ்டமும் பெரிதாக இல்லை. ஆனால் நலிந்த அனிமோனுக்கு, அதுவும் தொட்டியில், நாலைந்து வாய்கள் சேர்ந்து கொறித்தால் தாங்காது. சின்னத்தொட்டி கேட்ட இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பது இப்படித்தான்.

பவளப்பித்தன்:

"தண்டச்சோறு" கொஞ்சம் அதிகம் அக்கா. இறால் வழவழப்பையும் செத்த திசுவையும் எடுப்பதும் ஒருவகையில் சுத்தம்தானே.

ஆழி:

அனிமோன் தன் வழவழப்பைத் தானே கழற்றிப் போடும் தம்பி, அதற்கு ஆள் தேவைப்படவில்லை. உங்கள் இரக்கம் புரிகிறது, இறாலுக்கு வக்கீல் வேண்டாம்.

அலைவாய்:

நான் தொட்டி வைப்பது இல்லை, முக்குளிப்பவன். கடலில் பார்த்ததைச் சொல்கிறேன். ஆழமே தேவையில்லை, சூரிய அனிமோன் என்கிற ஸ்டிகோடாக்டைலா ஹீலியாந்தஸ் இடுப்பளவு தண்ணீரிலேயே கம்பளம் விரித்த மாதிரி கிடக்கும், குட்டையான கொடுக்குகள். முதலில் ஒன்றும் தெரியாது. முகமூடியை அருகில் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால், வெள்ளைப் புள்ளிகள் ஆடுவது தெரியும், அப்புறம் ஒன்று, இன்னொன்று என்று கண்ணுக்குப் பிடிபட்டுக்கொண்டே போகும். கையைக் கொண்டுபோனால் தப்பித்து ஓடாது, அனிமோனின் விளிம்புக்கு மறுபக்கம் போய்விடும். மறுபடி எட்டிப் பார்க்கும். எல்லாமே அனிமோனின் மேலேயே இருக்கும் என்றும் இல்லை, பக்கத்துப் பாறையில், ஓரத்தில், அடிக்கட்டையை ஒட்டி என்று பரவியிருக்கும். வீடியோக்களில் வருவது போல நடு மேடையில் நிற்பது குறைவு.

இங்கே எல்லோரும் ஒரே இறால் என்று பேசுகிறீர்கள். அட்லாண்டிக்கில் பார்த்ததற்கும் இந்தோனேசியாவில் பார்த்ததற்கும் திட்டுகளின் அமைப்பு எனக்குக் கொஞ்சம் வேறாகத் தெரிந்தது. ஒரே இனமா?

ஆழி:

உங்கள் கண் நல்ல கண். டச்சுக்காரர் டி மான் 1888-இல் இந்தோனேசியாவின் அம்போன் தீவிலிருந்து வந்ததை வைத்துத்தான் இதற்குப் பெயர் கொடுத்தார். அதற்குப் பிறகு உலகத்தில் எந்த வெப்பக் கடலில் இதே சாயலில் எதைப் பார்த்தாலும் அதே பெயரைப் போட்டுக்கொண்டே போனார்கள், இந்தியப் பெருங்கடல், பசிபிக், கரீபியன் எல்லாம் ஒரே இனம் என்று. 2018-இல் மரபணுவை எடுத்துப் பார்த்தபோது அது ஒரே இனம் இல்லை, பார்வைக்கு ஒன்றாகத் தெரியும் பல இனங்களின் தொகுதி என்று வெளிவந்தது. 2021-இல் அட்லாண்டிக் பக்கத்து இறாலைப் பிரித்து தோர் டிகாப்ரியோ என்று தனி இனமாக்கிவிட்டார்கள். ஆமாம், நடிகர் லியோனார்டோ டிகாப்ரியோ பெயர்தான்.

தொட்டிக்காரர்களுக்கு இதனால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பழைய கட்டுரைகளில் "கரீபியன் தோர் அம்போயினென்சிஸ்" என்று படித்தால் அது இப்போது வேறு இனம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் தேடும்போது ஒரு சிக்கல், அதே டி மான் அதே 1888-இல் லிஸ்மாட்டா அம்போயினென்சிஸ் என்று இன்னொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார். முதுகில் சிவப்பும் வெள்ளையும் கோடு ஓடும், மீன்களுக்குச் சுத்தம் செய்யும் இறால் அது. ஆர்டர் போடும்போது முதல் சொல்லையும் சேர்த்துப் பாருங்கள், அளவே பல மடங்கு வேறு.

நண்டுக்கால்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு ஒரு சந்தேகம். இது எல்லாம் ஆணாகப் பிறந்து பிறகு பெண்ணாக மாறும் இறால் என்று படித்தேன். அப்படியென்றால் எத்தனை வாங்கினாலும் ஜோடி தானாகச் சேர்ந்துவிடும்தானே?

ஆழி:

அது பழைய கணக்கு. அப்படித்தான் முன்பு எழுதிவைத்திருந்தார்கள், இன்னமும் விற்பனைப் பக்கங்களில் அதே வரி சுற்றுகிறது. 2010-இல் ஆன்டோனியோ பயேசாவும் இன்னொருவரும் கரீபியன் இறால்களை அறுத்துப் பார்த்து, இதில் ஆண் ஆண்தான், பெண் பெண்தான், மாறுவது இல்லை என்று காட்டினார்கள். பெண் பெரிது, ஆண் சிறிது. இதே தோர் பேரினத்தில் மானிங்கி என்று ஒரு இனத்தில் பால் மாற்றம் உண்டு, குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எனவே எல்லாம் ஒரே அளவில் பொறுக்கி வாங்காதீர்கள். பெரியதும் சின்னதும் கலந்து வாங்கினால் இரண்டு பாலும் இருக்க வாய்ப்பு அதிகம்.

உப்புநீர்க்காரன்:

அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கடைத்தொட்டியில் முட்டை சுமந்த பெண் கண்ணில் பட்டால் அதை எடுக்காதீர்கள் என்பேன். பயண அதிர்ச்சியில் முட்டையை உதறிவிடும், இறாலும் நலிந்துபோகும்.

வீட்டுக்கு வந்ததும் அவசரப்படாதீர்கள். மீனைவிட இறாலுக்கு உப்பளவு மாறுவது கடுமையாகப் பிடிக்காது. பையிலிருந்து நேராகக் கொட்டினால் அன்றைக்கே போய்விடும். சொட்டுக்குழாய் போட்டு மணிக்கணக்கில் மெதுவாகத் தொட்டித் தண்ணீரைக் கலந்து, பிறகு விடுங்கள். உப்பளவு (ஒப்படர்த்தி) 1.025, வெப்பம் 24 முதல் 26 டிகிரி, இதில் எந்த எண் என்பதைவிட அது ஆடாமல் இருப்பது முக்கியம். சின்னத் தொட்டியில் ஒரு நாள் ஆவியாகும் தண்ணீரே உப்பை ஏற்றிவிடும், நல்ல தண்ணீர் ஊற்றி மட்டத்தைத் தினமும் சரிசெய்யுங்கள்.

மோட்டார் வாயில் பஞ்சு போடுங்கள். ஒரு சென்டிமீட்டர் இறாலுக்கு அந்தச் சல்லடைக் கம்பி கதவு திறந்த மாதிரிதான்.

சின்னத்தொட்டி:

பஞ்சு போட்டாயிற்று. இன்னொரு சந்தேகம், கோபிக்கு ஒருமுறை தோலில் வெள்ளைப் புள்ளி வந்தது, மருந்து பாட்டில் மீதம் இருக்கிறது. இறால் இருக்கும்போது மீனுக்கு மருந்து போடலாமா?

பவளப்பித்தன்:

பாட்டிலைத் திருப்பி, செம்பு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். செம்பு இருந்தால் கூடவே கூடாது. பவளமும் போகும், இறாலும் போகும், நத்தையும் போகும். வேடிக்கை என்னவென்றால் இறாலின் ரத்தத்திலேயே ஆக்சிஜன் சுமப்பது செம்புள்ள புரதம்தான், நமக்கு இரும்பு எப்படியோ அப்படி. ஆனால் தண்ணீரில் கூடுதலாகக் கரைந்தால் விஷம். மீனுக்கு மருந்து தேவைப்பட்டால் மீனைத் தனிப் பாத்திரத்துக்கு மாற்றுங்கள், இறாலை இருக்கும் இடத்திலேயே விடுங்கள். முன்பு அந்தத் தொட்டியிலேயே செம்பு போட்டிருந்தீர்களா? பாறையும் மணலும் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு விடும்.

சின்னத்தொட்டி:

இல்லை, தனி வாளியில்தான் மருத்துவம் பார்த்தேன். தப்பித்தேன்.

நண்டுக்கால்:

அயோடின் போட வேண்டுமா? ஓடு கழற்ற அது தேவை என்கிறார்களே.

உப்புநீர்க்காரன்:

நல்ல கடலுப்பு போட்டு ஒழுங்காகத் தண்ணீர் மாற்றினால் வருகிற அயோடின் போதும். அளந்து பார்க்காமல் பாட்டிலைத் திறந்து ஊற்றுவதுதான் ஆபத்து, நன்மைக்கு ஊற்றி அதிகமாகிவிடும். ஒருநாள் காலையில் தொட்டி மூலையில் வெள்ளைத் திட்டு வைத்த கண்ணாடி இறால் ஒன்று அசையாமல் கிடக்கும், செத்துவிட்டது என்று பதறாதீர்கள், அது கழற்றிப் போட்ட சட்டை. ஓடு கழற்றிய இறால் உடம்பு இறுகும் வரை ஒளிந்திருக்கும், தேடிக் கல்லைப் புரட்டாதீர்கள்.

மீன்முள்:

பொதுவாக ஒரு கேள்வி, அது ஏன் ஆட்டுகிறது? யாராவது கேட்பீர்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இத்தனை பக்கம் போய்விட்டது.

அலைவாய்:

தனியாக இருக்கும்போதும் ஆட்டும், கூட்டத்திலும் ஆட்டும், தின்னும்போதும் ஆட்டும். இணைக்கு அழைப்பு என்றால் தனியாக எதற்கு? மிரட்டல் என்றால் நான் பக்கத்தில் வராதபோது எதற்கு? என் எண்ணம், "நான் இங்கே கொடுக்குகளுக்கு நடுவில் நிற்கிறேன், என்னைக் கடிக்க வந்தால் உனக்குத்தான் கொட்டும்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லும் அறிவிப்பு அது. பளிச்சென்ற நிறமும் அதோடு பொருந்துகிறது, ஒளிந்துகொள்ள நினைக்கும் உயிர் இப்படிச் சட்டை போடாது.

பவளப்பித்தன்:

அப்படியென்றால் அனிமோன் இல்லாத தொட்டியில் அது பொய் அறிவிப்பு ஆகிறது. நான் முதலிலேயே சொன்னதுதான்.

உப்புநீர்க்காரன்:

பித்தன், காளான் பவளத்துக்கும் கொட்டும் செல் உண்டு. அறிவிப்பு கொஞ்சம் மிகைதான், பொய் இல்லை.

உங்கள் கவலைக்கு நடுவழி ஒன்று சொல்கிறேன். அனிமோன் வைத்தே ஆக வேண்டும் என்று ஆசை இருந்து, தொட்டியும் முதிர்ந்து, வெளிச்சமும் இருந்தால், பெரிய கம்பள அனிமோனை விட்டுவிட்டு ஸ்டிகோடாக்டைலா டபேடம் பாருங்கள், மினி மேக்ஸி என்று விற்பார்கள், உள்ளங்கைக்குள் அடங்கும், ஊர் சுற்றுவதும் குறைவு. பாறைப்பூ அனிமோனும் அதே மாதிரி வைத்த இடத்திலேயே இருக்கும். இரண்டிலும் இந்த இறால் நன்றாகக் குடியேறும். ஆனால் கோமாளி மீன் குடியிருக்கும் அனிமோனில் இதைச் சேர்க்க வேண்டாம். சில ஜோடிகள் கண்டுகொள்ளாது, சில ஜோடிகள் முட்டையிட்டிருக்கும்போது அருகில் எது வந்தாலும் கடித்து எறியும், எது எந்த ஜோடி என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

நண்டுக்கால்:

முட்டை வந்தால் குஞ்சு வளர்க்க முடியுமா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இத்தனை நேரமும் படித்தேன்.

ஆழி:

முடியும், ஆனால் அதே தொட்டியில் முடியாது. பெண் முட்டையை வயிற்றுக்கு அடியில் நீச்சல் கால்களில் ஒட்டிவைத்துச் சுமக்கும், பச்சை நிறம் தெரியும், குஞ்சின் கண்கள் உருவானதும் நிறம் மாறித் தெளிவாகும். இருட்டிய பிறகு பொரியும். வெளிவருவது குட்டி இறால் இல்லை, சோயியா என்கிற நீந்தும் லார்வா, தாய்க்கும் அதற்கும் எந்தச் சாயலும் இருக்காது. கடலில் அது நீரோட்டத்தில் மிதந்து பல கட்டங்கள் மாறி, வாரக்கணக்கில் கழித்துத்தான் அனிமோன் தேடித் தரையிறங்கும். தொட்டியில் மோட்டாரும் வடிகட்டியும் பவளமும் விடியும் முன் எல்லாவற்றையும் முடித்துவிடும்.

முயற்சி செய்கிறவர்கள் செய்வது இதுதான். கண் தெரியும் முட்டையோடு இருக்கும் பெண்ணைத் தனிப் பாத்திரத்துக்கு மாற்றுவது, அல்லது பொரியும் இரவில் மோட்டாரை நிறுத்தி ஒரு மூலையில் டார்ச் அடிப்பது. லார்வா வெளிச்சத்தை நோக்கி வரும், குழாயால் உறிஞ்சி எடுத்துக்கொள்ளலாம். உருண்டையான பாத்திரம், அடியிலிருந்து மெல்லிய காற்று, லார்வா எங்கும் ஒட்டாமல் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். அன்றைக்குப் பொரித்த ஆர்டீமியா குஞ்சு கொடுக்க வேண்டும், பழசானால் அதில் சத்து போய்விடும், ஆகவே செறிவூட்டிக் கொடுப்பார்கள். தண்ணீரும் கெடக்கூடாது, தீனியும் குறையக்கூடாது, இரண்டுக்கும் நடுவில்தான் பெரும்பாலான குஞ்சுகள் போகின்றன.

நண்டுக்கால்:

சரி, நான் நத்தையே வளர்க்கிறேன்.

அலைவாய்:

வளர்க்காவிட்டாலும் பரவாயில்லை, வாங்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: பண்ணையில் பொரித்ததா, கடலில் பிடித்ததா என்று. பிடிப்பவர்கள் இறாலுக்காகப் பல இடங்களில் அனிமோனையே பெயர்த்து எடுப்பதைப் பார்த்திருக்கிறேன், அடிக்கட்டை கிழிந்த அனிமோன் திரும்ப எழுவது அரிது. பண்ணைக் குஞ்சுகள் தொட்டித் தீனிக்குப் பழகியும் இருக்கும், அது உங்களுக்கே லாபம்.

சின்னத்தொட்டி:

எல்லோருக்கும் நன்றி. முடிவு இதுதான்: அனிமோன் இப்போதைக்கு இல்லை, காளான் பவளம் இருக்கும் பாறையே போதும். அளவு கலந்து ஐந்து இறால், பண்ணையில் பொரித்தது கிடைக்கிறதா என்று கேட்கிறேன், கிடைக்கும் வரை பொறுக்கிறேன். பிப்பெட் வாங்கிவிட்டேன். பவளப்பித்தன் சார் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பவளப்பித்தன்:

கோபம் எல்லாம் இல்லை. உங்கள் காளானில் யானைக்காது எதுவும் கலந்திருக்கிறதா என்று மட்டும் விடுவதற்கு முன் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

உப்புநீர்க்காரன்:

படத்தை வெள்ளை விளக்கில் எடுங்கள், நீல விளக்கில் எடுத்தால் எல்லாக் காளானும் ஒரே மாதிரிதான் தெரியும்.